அயனி என்றொரு பயணி

அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. 2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளிலும் புகுந்தபோது அவ்வினா எழுந்தது. 2009இல் அத்திட்டம் கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது சற்றே அடங்கியது. 2016இல் இருமொழித் திட்டம் என்னும் பெயரோடு வேறொன்று வந்தபோது மீண்டும் தலைதூக்கியது. ஒவ்வொரு முறையும் தமிழாசிரியர்களாகிய நாம் மேடையேறி, "இயலும், இயலும்" என்று முழங்கினோம். முழங்கியது சரியே. ஆயினும் மேடையில் இயலும் என்பது வேறு. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் விரலால் தொட்டுக் காட்டும் அளவிற்கு ஓர் அறிவியற் சொல்லை அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது வேறு. பின்னதைச் செய்து பார்க்கும் விருப்பத்தால் ஒரே ஒரு சொல்லை இங்கு எடுத்துக்கொள்கிறேன். அச்சொல் 'அயனி'.

சொல்லிலிருந்தே தொடங்குவோம், தமிழாசிரியனுக்கு அதுவே பழகிய வாயில். 1834ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே, நீர்க்கரைசலில் மின்சாரம் பாயும்போது ஏதோ ஒன்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து செல்வதை உணர்ந்தார். அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி, அங்குக் கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிஞரானவர் அவர். செம்மொழிக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. எனவே கேம்பிரிட்ஜ் பேரறிஞர் வில்லியம் ஹியூவெல் அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். கிரேக்க மொழியில் 'செல்வது' எனப் பொருள்படும் 'அயன்' என்னும் சொல் அவ்வாறு பிறந்தது. இலங்கைத் தமிழ் நூல்கள் அதனை 'அயன்' என்றே எழுதின. தமிழக நூல்கள் 'அயனி' என்றன. வடமொழியில் 'அயனம்' என்றால் செல்கை. உத்தராயணம், தட்சிணாயனம் என்று கதிரவன் செலவைக் குறிக்க நாம் வழங்கும் சொல் அதுவே. கிரேக்கச் சொல்லின் வேரும் இதன் வேரும் ஒன்றே என்பது மொழிநூலார் முடிபு. ஆகவே ஒலிபெயர்ப்பாக வந்த சொல்லும் பொருளை விட்டு விலகாமல் வந்து நிற்கிறது. (அயனிப்பலா என்றொரு மரமும் உண்டு, மாணவர் குழம்பாதிருக்க இதனையும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.) எதுகை கருதி நான் வகுப்பில் 'அயனி என்பவன் பயணி' என்று சொல்வதுண்டு. பிள்ளைகள் ஒருமுறை கேட்டால் மறப்பதில்லை.

இந்தப் பயணி யார்? சோடியம் என்னும் உலோகம் தண்ணீரில் பட்டால் தீப்பற்றிச் சீறும். குளோரின் நச்சுவாயு, 1915ஆம் ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் மனிதரைக் கொல்வதற்கென்றே அது திறந்துவிடப்பட்டது. இவ்விரண்டும் கூடிய பொருளைத்தான் நாம் நாள்தோறும் குழம்பில் இடுகிறோம். சோடியம் அணு தன்னிடமுள்ள 11 எலக்ட்ரான்களில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. 17 எலக்ட்ரான்களை உடைய குளோரின் அதனை ஏற்றுக்கொள்கிறது. கொடுத்தது நேர்மின் அயனியாகவும், பெற்றது எதிர்மின் அயனியாகவும் ஆகின்றன. ஒரே ஓர் எலக்ட்ரான் கைமாறியதில் தீயும் நஞ்சும் உப்பாயின. உப்புக் கல்லில் அவை அணிவகுத்து அசையாமல் நிற்கின்றன. தண்ணீரில் கரைந்தவுடன் அணி கலைந்து, தனித்தனியே உலவத் தொடங்குகின்றன. இவ்வாறு கரைசலில் அயனிகள் தாமே பிரிந்து திரிகின்றன என்னும் கருத்தை 1884இல் சுவீடன் இளைஞர் அர்ரீனியஸ் ஆய்வேடாக எழுதியபோது, உப்சாலாப் பல்கலைக்கழகத்தார் அதனை மதிக்காமல் தாழ்ந்த தரமே வழங்கினர். 1903இல் அதே கருத்திற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தேர்வுத்தாள் திருத்தும் நம் போன்றோர் அவ்வப்போது நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

இனி, நம் வீட்டு வாசலுக்கு வருவோம். மலேசியத் தமிழனின் வாசல் நெடுங்காலம் தோட்டத்து லயத்தின் வாசலாகவே இருந்தது.

கிள்ளானுக்கு வடக்கே, காப்பார் சாலையை ஒட்டி அந்நாளில் வரிசை வரிசையாக நின்ற ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றில் என் தாயார் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, தலைவிளக்கோடு நிரைக்குள் நுழைந்து, மரத்துக்கு மரம் உளி ஓட்டி, மங்கில் சொட்டிய பாலை முற்பகலில் வாளியில் சேர்த்துக் காண்டாவில் சுமந்து வருவார். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் உடன் செல்வதுண்டு. மழை தூறினாலோ, வெயில் ஏறிய பின்னும் பால் எடுக்கப்படாமல் இருந்தாலோ, மங்கிலேயே அது திரிந்து கட்டியாகிவிடும். கட்டிப்பாலுக்கு விலை குறைவு. ஆகவே சின்னப் புட்டியில் கொடுக்கப்பட்ட அம்மோனியா நீரை வாளியில் சில துளிகள் விடுவார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி. அது சேர்ந்த பால் திரியாமல் பால் நிறுக்கும் கொட்டகை வரை வந்து சேரும்.

கொட்டகையில் நடப்பது இதற்கு நேர்மாறான வேலை. அங்கே பாலைத் தண்ணீர் விட்டு இளக்கி, வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் சேர்ப்பார்கள். அதற்கு முன்னைய காலத்தில் அசெட்டிக் அமிலமே மிகுதியாகப் பயன்பட்டது. அமிலப் பொறுப்பாளராக இருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கிட்டே நெருங்க விடமாட்டார். "தண்ணியில ஆசிட்ட ஊத்தணும்டா தம்பி, ஆசிட்டுல தண்ணிய ஊத்தக்கூடாது" என்று அவர் சொல்லிக்கொண்டே அளப்பார். மறுநாள் காலையில் தொட்டியிலிருந்து வெண்ணிறப் பாளமாக ரப்பரை எடுத்து உருளை எந்திரத்தில் கொடுத்துத் தகடாக்குவார்கள். பிறகு புகைக் கூடத்தில் தொங்கவிடுவார்கள். முதியவர் தகட்டைப் பார்ப்பதற்கு முன் தொட்டியில் எஞ்சிய நீரைத்தான் பார்ப்பார். நீர் தெளிந்திருந்தால் அமிலம் சரியாக இருந்தது என்று பொருள். வெண்மையாகக் கலங்கியிருந்தால் அமிலம் போதவில்லை, ரப்பர் இன்னும் நீரில் தங்கிவிட்டது என்று பொருள்.

இதில் அயனி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ரப்பர்ப் பாலின் ஒரு துளியில் கோடிக்கணக்கான ரப்பர் நுண்துகள்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றையும் புரதமும் கொழுப்புப்பொருளும் கலந்த மெல்லிய உறை சூழ்ந்திருக்கிறது. அவ்வுறை எதிர்மின்னூட்டம் உடையது. எல்லாத் துகள்களும் ஒரே வகை மின்னூட்டம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று தள்ளி விலக்கிக்கொண்டே இருக்கின்றன. கிட்டவந்து ஒட்ட முடிவதில்லை. பால் பாலாகவே இருப்பதற்குக் காரணம் இந்த ஓயாத பிணக்குத்தான். அமிலத்தை ஊற்றியதும் நேர்மின்னூட்டமுடைய ஹைட்ரஜன் அயனிகள் திரண்டு வருகின்றன. அவை துகள்களின் எதிர்மின்னூட்டத்தை அணைத்துவிடுகின்றன. தள்ளும் விசை அற்றதும் துகளோடு துகள் மோதி ஒட்டி, பாளமாகின்றன. அம்மோனியாவோ எதிர்வழியில் செல்கிறது. பாலைக் காரத்தன்மை உடையதாக்கித் துகள்களின் பிணக்கை நீட்டித்து வைக்கிறது. பால் தானே திரிவதும் இதே கணக்குத்தான். பாலில் புகுந்த நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம், கொட்டகை முதியவர் செய்ய வேண்டியதை மங்கிலேயே முன்கூட்டிச் செய்துவிடுகிறது.

ஃபார்மிக் என்னும் பெயர் எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1671இல் ஜான் ரே என்னும் ஆங்கில இயற்கையறிஞர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இவ்வமிலத்தைப் பெற்றதைப் பதிவு செய்தார். இலைகளை நூலால் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சுவதும் இதனையே. பால்மரத்தில் அவ்வெறும்பிடம் கடிபட்டவனுக்கு எரிச்சலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் பரந்த ஆய்வுத் தோட்டம் அமைத்து, எந்த அமிலம், எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்றெல்லாம் ஆராய்ந்து தோட்டங்களுக்கு வழிகாட்டியது. அறிஞர்கள் அறிக்கைகளில் ஆங்கிலத்தில் எழுதிய அவ்வறிவை, எழுத்தறியாத தமிழ்ப் பாட்டாளிகள் நாள்தோறும் கையால் செய்துகொண்டிருந்தனர். ஒரே அறிவு, அறிக்கையில் அதற்குப் பெயர் இருந்தது, கொட்டகையில் இல்லை. 'கூலிக்காரன் பிள்ளைக்கு அறிவியல் வராது' என்று என் இளமையில் சிலர் கூசாமல் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூழ்மங்களின் மின்னிலையைத் தொட்டியில் எஞ்சிய நீரின் நிறத்தால் மதிப்பிடத் தெரிந்தவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல் அது. இன்று அந்த ஆய்வுத் தோட்டத்தின் பெரும்பகுதி குவாசா டாமன்சாரா என்னும் நகரமாகிவருகிறது. துரித ரயில் நிலையத்திற்கும் அதுவே பெயர். காப்பார்ப் பக்கத் தோட்டங்கள் பல செம்பனைக்கும், பின்னர் வீடமைப்புக்கும் இடம்விட்டன. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530ஆகக் குறைந்ததற்கும், எஞ்சியவற்றுள் பல இடம் மாறியதற்கும் தோட்டங்கள் அழிந்தது ஒரு காரணம்.

தோட்டம் போனாலும் அந்த வேதியியல் கிள்ளானை விட்டுப் போய்விடவில்லை. மேரு வட்டாரத்தில் கையுறைத் தொழிற்சாலைகள் உள்ளன. அங்கே கைவடிவான பீங்கான் அச்சுகள் சங்கிலியில் வரிசையாக வந்து, முதலில் கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் மூழ்கி எழுகின்றன. அடுத்து ரப்பர்ப்பால் தொட்டியில் மூழ்குகின்றன. அச்சின் மேல் படிந்த கால்சியம் அயனிகள், சுற்றியுள்ள துகள்களின் மின்னூட்டத்தை அணைத்து, அச்சின் மேலேயே ஒரு சீரான தோலாக உறைய வைக்கின்றன. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது உலகெங்கும் மருத்துவர்களும் தாதியரும் கேட்டுத் தவித்த கையுறைகள் இவ்வாறு உருவானவையே. அச்சு மூழ்கும் அந்தச் சில நொடிகளில் நடப்பது, காப்பார்க் கொட்டகையில் ஓர் இரவு முழுதும் நடந்ததன் சுருக்கம்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வருவோர் உணவகத்தில் அமர்ந்து தயிர்ச்சோறு கேட்கும்போதும் இதே கதைதான். பசுவின் பாலிலுள்ள கேசின் என்னும் புரதத் துகள்களும் எதிர்மின்னூட்டம் உடையவை. உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்க, அதன் ஹைட்ரஜன் அயனிகள் அத்துகள்களைச் சேர்த்து வைக்கின்றன. நம் சீன அண்டைவீட்டார் சோயாப் பாலில் ஜிப்சம் தூளைக் கலந்து தௌபூ செய்கிறார்கள். அங்கே வேலை செய்பவை கால்சியம் அயனிகள். முடிதிருத்தும் கடையில் கன்னத்தில் கீறல் விழுந்தால் படிகாரக் கட்டியை நீரில் நனைத்துத் தேய்க்கிறார்களே, அங்கே அலுமினியம் அயனிகள் குருதியின் புரதத்தை உறைய வைக்கின்றன. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயருக்கே காரணமான செங்கல், 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்த பிறகு நகரை மீண்டும் எழுப்பப் பயன்பட்டது. அச்செங்கல்லின் செந்நிறம் களிமண்ணிலுள்ள இரும்பு அயனிகளால் வருவது. இவ்வளவையும் ஒரே தெருவில் நடந்தபடி காட்டிவிடலாம், ஆய்வுக்கூடம் தேவையில்லை.

எனக்கு எல்லாவற்றினும் வியப்பளிப்பது ஆற்றின் கதை. கோலாலம்பூர் என்னும் பெயருக்குச் சேற்றுச் சங்கமம் என்று பொருள் சொல்வர். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் முனையில், ஜாமெக் பள்ளிவாசலின் ஓரம் நின்று பார்த்தால், மழைக்குப் பின் நீர் தேநீர் நிறத்தில் ஓடும். அந்நிறம் களிமண் துகள்களின் நிறம். களிமண் துகள்களும் எதிர்மின்னூட்டம் உடையவையே. நன்னீரில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடியே ஷா ஆலம், கிள்ளான் நகரம் எனக் கடந்து செல்கின்றன. துறைமுகத்தருகே கடல்நீர் எதிர்கொள்கிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அங்குள்ள சோடியம், மக்னீசியம், கால்சியம் அயனிகள் களிமண் துகள்களை மொய்த்து, பிணக்கைத் தீர்த்து, திரளவைத்து, அடியில் படிய வைக்கின்றன. அலையும் ஓட்டமும் தணிந்த இடங்களில் சேறு குவிகிறது. சேற்றில் கண்டல் மரம் வேரூன்றுகிறது. வேரின் இடையில் நண்டும் இறாலும் பெருகுகின்றன. நண்டுத் தீவு என்று பொருள்படும் பூலாவ் கெத்தாம், கேரித் தீவு முதலான கரையோரத் தீவுகளின் சேற்று மண் எல்லாம் ஆறு கொண்டுவந்து, கடல் உறைய வைத்த மண். ரப்பர்ப்பாலைத் தொட்டியில் உறைய வைத்த பாட்டாளி, அக்கரையை உருவாக்கிய அதே விதியைத்தான் கையாண்டார்.

குழாயில் தெளிந்து வரும் குடிநீருக்கும் இவ்விதியே துணை. நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் கலங்கிய ஆற்றுநீரில் படிகாரம் சேர்க்கிறார்கள். சோடியம் அயனி ஒற்றை மின்னூட்டமுடையது. அலுமினியம் அயனியோ மூன்று உடையது. மின்னூட்டம் கூடக் கூட உறைய வைக்கும் ஆற்றல் பன்மடங்காகப் பெருகும் என்பதைச் சுல்ட்சே 1882இலும் ஹார்டி 1900இலும் காட்டினர். சோடியம் அயனிகள் பலநூறு சேர்ந்து செய்வதை அலுமினியம் அயனி ஒன்றே செய்துவிடும். ஆகவேதான் குடம் நீருக்குச் சிட்டிகைப் படிகாரம் போதுமானதாயிற்று. கிணற்று நீரில் படிகாரத்தைச் சுழற்றிய நம் பாட்டிமார் அளவை மட்டும் அறிந்திருந்தனர். காரணத்தை நாம் அறிவோம்.

அதே அலுமினியம் அயனி வேறிடத்தில் பகையாவதும் உண்டு. மேற்குக் கரைச் சதுப்பு நிலங்களின் அடிமண்ணில் இரும்பும் கந்தகமும் கூடிய பைரைட்டு புதைந்து கிடக்கிறது. நீர் தேங்கியிருக்கும் வரை தீங்கில்லை. வடிகால் வெட்டி நிலத்தை உலர்த்தினால் காற்றுப்பட்டுக் கந்தக அமிலம் உண்டாகி, மண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்துப் பயிரின் வேரைக் கருக்கிவிடுகிறது. சுண்ணாம்பு இடுவதும், நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழவிடாமல் காப்பதும் இதற்கு மருந்து. நம் பள்ளத்தாக்கில் அடிக்கடி வெட்டும் மின்னலும் காற்றிலுள்ள நைட்ரஜனை உடைத்து, நைட்ரேட்டு அயனியாக மழையோடு மண்ணில் இறக்குகிறது. இதனை விரிப்பின் நீளும்.

உடலுக்குள் வருவோம். நரம்பில் ஒரு செய்தி ஓடுவதும், இதயம் ஒருமுறை துடிப்பதும், சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் உயிரணுக்களின் சவ்வைக் கடந்து உள்ளும் புறமும் போய்வருவதால் நடப்பவை. இப்பயணிகள் ஓய்ந்தால் உயிர் ஓய்ந்தது. 1971இல் வங்காளதேசப் போரின்போது எல்லையிலுள்ள போங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் சமையலுப்பு, சோடா உப்பு, குளுக்கோசு ஆகியவற்றை அளந்து பொட்டலமாகக் கட்டி, நீரில் கரைத்து வாயால் குடிக்கச் செய்தார். குடல் சுவரில் சர்க்கரை உட்புகும்போது சோடியம் அயனியும் உடன் கைகோத்து நுழைகிறது; அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. நூற்றுக்கு 30 வரை சென்றிருந்த சாவு அம்முகாமில் 4க்கும் கீழாக இறங்கியது. இந்திய அரசு 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை, 2022இலேயே மறைந்துவிட்டார். தோட்டத்தில் வயிற்றுப்போக்குக் கண்ட பிள்ளைக்கு உப்பிட்ட அரிசிக் கஞ்சியை ஊட்டிய தாய்மார் இவ்வழியின் பாதித்தூரம் வந்திருந்தனர் என்பேன்.

இத்தனையும் எதற்கென்றால், பெயர் தெரியாத பொருளை வைத்துப் பிறர் நம்மை ஏமாற்றுவது எளிது. இரவுச் சந்தையில், 'எதிர்மின் அயனி' காப்பு, பதக்கம், தண்ணீர்க் குவளை என்று பளபளப்பாக விற்கிறார்கள். மூட்டுவலி நீங்கும், குருதி தூய்மையாகும் என்று சொல்லி, ஓய்வூதியக்காரர் ஒருவரிடம் ஒரு மாதச் செலவுக்கான பணத்தைப் பறித்ததை நான் கண்ணாரக் கண்டேன். 2021 டிசம்பரில் நெதர்லாந்து நாட்டு அணுப் பாதுகாப்பு அமைப்பு இத்தகைய பதக்கங்கள், காப்புகள் சிலவற்றைச் சோதித்து, அவை கதிரியக்கம் உடையவை, அணியவேண்டா என்று எச்சரித்தது. குளியலறை உப்பிலும் கடல் நீரிலும் கோடிகோடியாக இருக்கும் எதிர்மின் அயனியைப் பணம் கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்று தாய்மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவர் அந்தச் சந்தையில் இருந்திருந்தால் அப்பெரியவரின் பணம் தப்பியிருக்கும். கைப்பேசியின் மின்கலத்தைப் பிள்ளைகள் 'லித்தியம் அயன்' என்று வாய் நிறையச் சொல்கின்றனர். அந்த 'அயன்' என்னவென்று கேட்டால் இரும்பு என்று விடை வருகிறது!

தொடக்கப்பள்ளிப் பாடத்தில் அமிலமும் காரமும் உண்டு, அயனி இல்லை. பாடத்தில் இல்லாததால் நான் அதனை மறைப்பதில்லை. கண்ணாடிக் குவளைகள் மூன்றில் மழைக்குப் பிந்திய வாய்க்கால் நீரை நிரப்பி, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றில் ஒரு கரண்டி உப்பும், மற்றொன்றில் சிட்டிகைப் படிகாரமும் இட்டுக் கலக்கி, சன்னலோரம் வைத்துவிடுவோம். மாலைக்குள் படிகாரக் குவளை தெளிகிறது. உப்புக் குவளை அடுத்து. முதற்குவளை மறுநாளும் கலங்கலாகவே நிற்கிறது. சென்ற ஆண்டு இதனைக் கண்ட மாணவி ஒருத்தி, "ஐயா, எங்க பாட்டி பால்மரம் வெட்டுனவங்க. அவங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். "பாட்டியிடமே கேட்டு எழுதி வா, அம்மா" என்றேன். மறுநாள் இரண்டு பக்கம் எழுதி வந்தாள். அமிலத்துக்கு எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை மணிக்குள் பால் கொட்டகை சேர வேண்டும், மழைநாளில் என்ன செய்வார்கள், கையில் பட்டால் எப்படிக் கழுவுவார்கள் என எல்லாம் அதில் இருந்தன. அயனி என்னும் சொல் மட்டும் இல்லை. அதனை ஓரத்தில் எழுதி, பாட்டியிடம் படித்துக் காட்டச் சொல்லி அனுப்பினேன்.